திரைக்குப் பின்னிருந்த குரல்: தமிழ்ச் சிறார் அசைவூட்ட அலைவரிசையின் தேய்வு – தோவாளை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

2007ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சுட்டி டிவி, அசைவூட்டப் படங்களை முழுநேரமும் தமிழில் வழங்கிய அலைவரிசையாகும். இன்றும் அது ஒளிபரப்பில் உள்ளது. எனினும் சிறார் வாழ்வில் அது வகித்த நடுவிடம் தேய்ந்துவிட்டது. இத்தேய்வை வணிக நிகழ்வாக மட்டும் கொள்ளாமல், குழந்தைப் பருவத்தின் பொதுமொழியாகத் தமிழ் பெற்றிருந்த இடத்தின் மாற்றமாகக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். நாஞ்சில் நாட்டுத் தோல்பாவைக்கூத்து மரபோடு ஒப்பிட்டு, அசையும் உருவத்துக்கு மறைந்திருந்து தமிழ்க் குரல் தரும் செயலின் பண்பாட்டுப் பெறுமானம் இங்கு மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டம், குரல்மாற்றம், சுட்டி டிவி, தோல்பாவைக்கூத்து, நாஞ்சில் நாடு, சிறார் ஊடகம்

முன்னுரை

ஓர் அலைவரிசையின் வீழ்ச்சி என்றால், அதன் ஒளிபரப்பு நின்றுபோவதையே பொதுவாக எண்ணுகிறோம். அசைவூட்ட அலைவரிசைகளைப் பொறுத்தவரை நடப்பது வேறு. 1992 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் தொடங்கிய கார்ட்டூன் நெட்வொர்க் மூடப்பட்டுவிட்டதான வதந்தி 2024 ஜூலையில் உலகெங்கும் பரவியது. அலைவரிசை மூடப்படவில்லை, ஆனால் அடுத்த மாதமே அதன் இணையதளம் தனித்தன்மை இழந்து, தாய் நிறுவனத்தின் ஓடைத் தளத்துக்கு வழிகாட்டும் பலகையாயிற்று. பிரித்தானியாவில் டிஸ்னி சேனல் 2020 செப்டம்பர் இறுதியில் நிறுத்தப்பட்டு, அதன் படங்கள் டிஸ்னி பிளஸ் தளத்துக்குச் சென்றன. இந்தியாவில் டூனாமி 2018இல் மறைந்தது. படங்கள் அழியவில்லை, அவற்றைக் குறித்த நேரத்தில் எல்லார்க்கும் ஒருசேர வழங்கிய அமைப்பே தளர்ந்தது.

இத்தளர்வு எல்லா மொழிகளையும் ஒரே வகையில் பாதிப்பதில்லை. ஆங்கிலச் சிறார்க்கு அலைவரிசை போனாலும் மொழி போவதில்லை. தமிழ்ச் சிறார்க்கு நேர்வது என்ன என்பதே இங்கு எழும் வினா. இவ்வினாவைத் தோவாளையிலிருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. அகத்தீஸ்வரம் வட்டத்துடன் சேர்ந்து நாஞ்சில் நாடாக அமையும் தோவாளை வட்டம், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்தில் இருந்தது. மொழியடிப்படையிலேயே தமிழகத்தோடு இணைந்தது. மொழி இங்கு வரலாற்றுக் கோரிக்கையாக இருந்துள்ளது. மேலும், அசையும் நிழலுருவுக்குத் தமிழ் பேசிய தோல்பாவைக்கூத்து பிற இடங்களில் அருகிய பின்னரும் நிலைத்திருந்த பகுதி குமரி மாவட்டமாகும்.

நிழலும் குரலும்

தோல்பாவைக்கூத்தில் பதப்படுத்தி வண்ணம் தீட்டிய ஆட்டுத்தோல் உருவங்கள் வெள்ளைத் திரையின் பின்னே விளக்கொளியில் ஆட்டப்படுகின்றன. இராமனுக்கும் இராவணனுக்கும் சீதைக்கும் அனுமனுக்கும் குரல் தருபவர் பெரும்பாலும் ஒருவரே. அவரே பாடுகிறார், உரையாடுகிறார், பாவையையும் ஆட்டுகிறார். குமரி மாவட்டத்துக் கூத்து குறித்து அ.கா. பெருமாள் விரிவாக ஆராய்ந்துள்ளார். இக்கலையை நிகழ்த்தும் மண்டிகர் சமூகத்தார் வீட்டில் மராட்டியமும் அரங்கில் தமிழும் பேசுவோர் என்பது இக்கட்டுரைக்கு முதன்மையான செய்தி. நாஞ்சில் நாட்டுச் சிறார் நிழலுருவங்களின் வாயிலாகக் கேட்ட தமிழ், வேற்றுமொழியைத் தாய்மொழியாகக் கொண்ட கலைஞரின் தமிழாகும்.

கதை இராமாயணமாக முன்பே வரையறுக்கப்பட்டது. கலைஞரின் உரிமை நகைச்சுவைப் பாத்திரங்களிடம் வெளிப்பட்டது. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் காவியத்துக்குள் புகுந்து ஊர்ப்பேச்சில் சண்டையிட்டனர்; அன்றாட நிகழ்வுகளைக் கேலி செய்தனர். பார்வையாளரின் நினைவில், குறிப்பாகச் சிறாரின் நினைவில், நின்றவர்கள் இவ்விருவரே. வெளியிலிருந்து வந்த கதை ஊரின் கதையாவதற்குக் குரலே வாயிலாயிற்று.

அசைவூட்டப் படத்தின் குரல்மாற்றத்தை இம்மரபின் நேரடி வாரிசாகக் கூற வரலாற்றுச் சான்று இல்லை. எனினும் செயல் ஒன்றே: தானாகப் பேசாத வண்ண உருவம் அசைகிறது, மறைந்திருக்கும் ஒருவர் அதற்குத் தமிழ் தருகிறார். எனவே, ‘வெளிநாட்டுப் படம், ஆகவே நமது பண்பாட்டுக்கு உரியதன்று’ என்ற எளிய மறுப்பு போதாது. உருவம் எங்கிருந்து வந்தது என்பதோடு குரல் என்ன செய்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

ஒலித்தடமும் அலைவரிசையும்

கார்ட்டூன் நெட்வொர்க் 1995இல் இந்தியாவுக்கு வந்தது. அதுவும், பின்னர் வந்த போகோ, நிக், ஹங்காமா முதலியனவும் காலப்போக்கில் தமிழ் ஒலியைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் இவற்றில் படம் ஒன்று, ஒலித்தடங்கள் பல. பாத்திரம் தமிழ் பேசினாலும் திரையில் தோன்றும் தலைப்பும் அறிவிப்பும் பிறமொழியிலேயே இருந்தன. தமிழ் காதுக்கு மட்டும் உரியதாயிற்று; கண்ணுக்கு உரியதாகவில்லை. எழுத்தறியத் தொடங்கும் வயதுக் குழந்தைக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

2007 ஏப்ரலில் சன் குழுமம் தொடங்கிய சுட்டி டிவி இந்நிலையை மாற்றியது. பெயர் தமிழ், நிகழ்ச்சித் தலைப்புகள் தமிழ், அறிவிப்புகள் தமிழ். இதனைத் தொடர்ந்து தெலுங்கில் குஷி டிவியும் கன்னடத்தில் சிண்டு டிவியும் 2009இல் வந்தன; மலையாளத்தில் கொச்சு டிவி 2011இல் வந்தது. சிறார்க்கான அலைவரிசை மொழிவாரியாகத் தனித்தனியே அமையலாம் என்பதை இவை நிறுவின. மலையாளமும் வழங்கும் குமரி மாவட்டத்தில், சிறார் அலைவரிசை இரு மொழிகளில் தனித்தனிப் பெயரோடு கிடைத்தமை, 1956இன் மொழி எல்லையைத் தொலைக்காட்சியும் ஏற்றுக்கொண்டதற்கு ஒப்பாகும்.

டோரா தமிழ் பேசிய விதம்

சுட்டி டிவியின் அடையாளமாக நிலைத்தது ‘டோராவின் பயணங்கள்’. மூலத்தில் டோராவின் தோழனான குரங்குக்குக் காலணியைக் குறிக்கும் ‘பூட்ஸ்’ என்பது பெயர். தமிழில் அது ‘புஜ்ஜி’ ஆயிற்று. ஒலியின் முதலெழுத்தை ஏறத்தாழத் தக்கவைத்து, பொருளை விடுத்து, வீட்டில் குழந்தையைக் கொஞ்சி அழைக்கும் பெயரை மொழிபெயர்ப்பாளர் அங்கு வைத்தார். ‘டோரா – புஜ்ஜி’ என்னும் இணை, படத்தைப் பாராதோரும் அறிந்த வழக்காகத் தமிழில் பரவியது. உச்சிக்குடும்பன் காவியத்துக்குள் ஊரைக் கொணர்ந்ததுபோல், இப்பெயர் அயல்படத்துக்குள் வீட்டைக் கொணர்ந்தது.

குரல்மாற்றத்தின் மொழியியல் உழைப்பும் கவனத்துக்குரியது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல் போதும். தமிழில் ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா என ஒவ்வோர் உரையாடலிலும் முடிவு செய்தாக வேண்டும். சிறுமி குரங்கை எவ்வாறு அழைப்பாள், திருட வரும் நரியை எவ்வாறு விளிப்பாள், திரைக்கு வெளியே இருக்கும் குழந்தையிடம் எந்த மரியாதையில் கேள்வி கேட்பாள் என்பனவெல்லாம் சமூக உறவு பற்றிய தீர்ப்புகள். தமிழில் வினைமுற்று இறுதியில் வருவதால், பாத்திரம் கைகாட்டும் கணத்தில் பொருட்பெயர் ஒலிக்குமாறு தொடரை மாற்றியமைக்கவும் வேண்டும். இத்தீர்ப்புகளை எடுத்தோர் பெயர்கள் பெரும்பாலும் திரையில் இடம்பெறவில்லை.

குறைகளையும் சுட்ட வேண்டும். மூலத்தில் டோரா ஆங்கிலம் பேசி ஸ்பானிய மொழிச் சொற்களைக் கற்பிப்பவள். அமெரிக்காவின் சிறுபான்மைக் குடியினரின் வீட்டுமொழிக்குப் பொதுவெளியில் மதிப்புத் தேடியது அந்நிகழ்ச்சி. தமிழில் அவள் தமிழ் பேசி ஆங்கிலச் சொற்களைக் கற்பித்தாள். இதனால் நிகழ்ச்சியின் நோக்கமே தலைகீழாயிற்று: சிறுபான்மை மொழியை உயர்த்தும் கருவி, ஏற்கெனவே அதிகாரம் பெற்ற மொழிக்கு வாயிலாயிற்று. தமிழ் அங்கு இயல்பான மொழியாகவும் ஆங்கிலம் கற்றாக வேண்டிய மொழியாகவும் நின்றன. மேலும், அலைவரிசை வழங்கிய தமிழ் வட்டார அடையாளம் நீக்கப்பட்ட பொதுப்பேச்சு. ‘மக்கா’ என்று அழைக்கும் நாஞ்சில் நாட்டுக் குழந்தை, தன் ஊரின் பேச்சை எந்த உருவத்தின் வாயிலும் கேட்கவில்லை. பாவைக்கூத்து அளித்த அந்த உரிமையைத் தொலைக்காட்சி அளிக்கவில்லை.

படைப்பு இன்மையும் தேய்வும்

தமிழ்நாட்டில் அசைவூட்டத் தொழில்நுட்பம் இல்லாமலில்லை. சென்னைப் பென்டாமீடியா நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே பாண்டவர் கதையை முழுநீளக் கணினி அசைவூட்டப் படமாக்கியது. அதன் மொழி ஆங்கிலம். தமிழில் ‘இனிமே நாங்கதான்’ (2007), ‘கோச்சடையான்’ (2014) ஆகிய திரைப்படங்கள் வந்தபோதும், சிறார் தொலைக்காட்சிக்கென நீண்டு நிற்கும் தமிழ்த் தொடர் மரபு உருவாகவில்லை. ஐதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் உருவாக்கி 2008இல் போகோவில் வந்த ‘சோட்டா பீம்’ பல மொழிகளில் பரவியது. அத்தகைய ஓர் உருவம் தமிழ்ச் சூழலிலிருந்து எழவில்லை. வாங்கிய படத்துக்குக் குரல் தருவது செலவு குறைந்தது; புதிய படம் ஆக்குவது செலவு மிகுந்தது. அலைவரிசைகள் முன்னதையே தேர்ந்தன. தமக்கென உருவம் இல்லாத அலைவரிசை, அதே படம் வேறிடத்தில் கிடைத்தவுடன் தன் தேவையை இழக்கிறது. தேய்வின் விதை எழுச்சியிலேயே இருந்தது.

புறக்காரணங்கள் அதன்மேல் வந்தவை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத் தரவு மலிந்தது. கைப்பேசி குழந்தையின் கைக்குச் சென்றது. 2019இல் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண முறை, கட்டண அலைவரிசைகளுக்குத் தனித்தனி விலை குறித்து, குடும்பம் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கச் செய்தது. கேபிள் கட்டில் தானாக வந்தது, கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

இவற்றைவிட ஆழமான மாற்றம் மொழியில் நிகழ்ந்தது. சென்னையில் 2013இல் தொடங்கப்பெற்ற சூச்சூ டிவி, யூடியூபில் உலகளவில் பெருவெற்றி பெற்ற சிறார் அசைவூட்ட நிறுவனம். அதன் புகழுக்கு அடிப்படை ஆங்கில மழலைப் பாடல்கள். தமிழ் பின்னர்ச் சேர்ந்த கிளைகளில் ஒன்று. சந்தையின் தருக்கப்படி இதில் பிழை காண இயலாது. ஆனால் பொருள் தெளிவு: படம் ஆக்கும் கை தமிழகத்தில் உள்ளது, அது முதலில் பேசும் மொழி தமிழன்று.

இயல்புநிலையிலிருந்து தெரிவுநிலைக்கு

சுட்டி டிவியைத் திறந்தால் தமிழ் வரும். எவரும் அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இது தமிழின் இயல்புநிலை. ஓடைத் தளத்தில் தமிழ் ஒலித்தடம் இருக்கலாம். ஆனால் அதனைத் தேடிச் சொடுக்க வேண்டும். இது தெரிவுநிலை. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை மொழித்தெரிவைச் செய்வதில்லை, பெற்றோர் செய்கின்றனர். ஆங்கிலவழிக் கல்வியை ஏணியாகக் கருதும் பெற்றோர் எந்த மொழியைச் சொடுக்குவர் என்பதை ஊகிப்பது கடினமன்று. பெற்றோரைக் குறைகூறி இதனைத் தீர்க்க முடியாது. அலைவரிசை இருந்த காலத்தில் அவர்கள் தமிழை விரும்பித் தேர்ந்தனர் என்பதற்கில்லை. தேர வேண்டிய நிலையே எழவில்லை.

இழந்த மற்றொன்று பொதுமை. அதிகாலையிலேயே சுறுசுறுப்படையும் மலர்ச்சந்தையைக் கொண்ட ஊர் தோவாளை. அத்தகைய ஊரில் பூக்கட்டுவோர் வீட்டுக் குழந்தையும் வணிகர் வீட்டுக் குழந்தையும் ஒரே நேரத்தில் ஒரே படத்தை ஒரே தமிழில் காண்பதற்கு அலைவரிசை வழிசெய்தது. பள்ளிக்கூடத்தில் அதனை நடித்துக்காட்ட இயன்றது. கோயில் வெளியில் ஊர்கூடிப் பார்த்த கூத்துக்கும் வீட்டுக் கூடத்தில் குடும்பம் பார்த்த தொலைக்காட்சிக்கும் இடையே சுருக்கம் உண்டு; பின்னதற்கும் தனித்தனிக் கைப்பேசிக்கும் இடையிலான சுருக்கம் அதனினும் பெரிது. இன்று நிரலி ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு வரிசையைத் தருவதால், அடுத்த வீட்டுக் குழந்தையோடு பகிரும் பாத்திரமும் பகிரும் சொல்லும் குறைகின்றன.

முடிவுரை

அரளிப் பூவை மடித்து மணிகள் பதித்தாற்போல் தொடுக்கும் தோவாளை மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்ணுக்குப் புலனாகும் கைவினைக்குப் பெயரும் காப்பும் தேட நாம் கற்றிருக்கிறோம். குரலுக்கு அவ்வாறு செய்யக் கற்கவில்லை. தோல்பாவைக்கூத்தை ஆய்வுலகம் முனைந்து பதிவுசெய்தது, அது பெரிதும் அருகிய பின்னரே. தமிழ்க் குரல்மாற்றமும் அதே வழியில் செல்கிறது. உரைப்படிகள், ஒலிப்பதிவுகள், மொழிபெயர்த்தோர், குரல் தந்தோர் பற்றிய விவரங்கள் வணிக நிறுவனங்களின் கோப்புகளில் உள்ளன. உரிமக் காலம் முடிந்தபின் அவற்றைக் காப்பதில் எவர்க்கும் ஆதாயமில்லை.

எனவே இரு பணிகள் உடனடித் தேவையாகின்றன. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் காட்சித் தொடர்பியல் துறைகளும் இணைந்து, 1995 முதலான தமிழ்க் குரல்மாற்றப் பனுவல்களைத் திரட்டி, சிறார் இலக்கிய வரலாற்றின் பகுதியாகக் கற்பிக்க வேண்டும். 2019இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி போன்ற பொது அமைப்புகள், பாடத்தை விளக்கும் கருவியாக மட்டும் அசைவூட்டத்தைக் கொள்ளாமல், வட்டாரத் தமிழ் பேசும் கதைத்தொடர்களை ஆக்க முன்வர வேண்டும். சந்தை தாங்காத செலவைப் பொது நிறுவனமே தாங்க இயலும்.

சுட்டி டிவி தமிழுக்கு உருவம் எதையும் படைத்துத் தரவில்லை. அதன் மீதான கடுமையான குற்றச்சாட்டு இதுவே. ஆனால் ஒரு தலைமுறைச் சிறார்க்கு, கேளாமலே கிடைக்கும் மொழியாகத் தமிழை அது வைத்திருந்தது. உருவம் அயலிலிருந்து வந்தாலும் குரல் தமிழாக இருந்தால் அது நம்முடையதாகும் என்பதை மண்டிகர் கலைஞர் நாஞ்சில் நாட்டுக்கு முன்பே காட்டியிருந்தனர். அந்தக் குரலைத் தேடிச் சொடுக்கினால்தான் கிடைக்கும் என்னும் நிலையே இன்றைய தேய்வின் உண்மையான அளவு.