மறுபக்கம் உட்கார்ந்தவன்

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, மறுபடியும் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். லாரி பேக்கரின் வரைவு. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளி வீடும் அதில் ஒன்று. சின்ன வேலையில்லை. கண்டிராக்டர் கையில் சிக்கியிருந்தால் தூண் தனியாக, கதவு தனியாக விலைபோயிருக்கும். இதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. நெய்கிறவர் ஒருத்தரால் முடியாது. மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். பல காலம் அந்த ஆள் ஒரு பையன். வீட்டில் வாங்கின முன்பணத்துக்காக உட்கார வைக்கப்பட்டவன். பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்கள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் வருகிறது. 'மரபு' என்கிற சொல்லாடலுக்குள் தறி வரும், திண்ணை வரும், கைத்திறன் வரும். முன்பணம் வராது. வந்தால் வீடு வீடாக இருக்காது, பட்டறையாகிவிடும்.

அதே 1996, ஜூலை. கைத்தறிக்கு மட்டும் என்று 1985 சட்டத்தின் கீழ் ஒதுக்கிவைத்திருந்த 22 ரகங்களை அரசு 11 ஆக வெட்டியது. அருங்காட்சியகத்துக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சதி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரே காலத்தின் இரண்டு பிரதிகளாகச் சேர்த்து வாசிக்கலாம். சந்தையிலிருந்து வெளியேற்றப்படுவதற்குக் கண்காட்சியில் இடம் கிடைக்கிறது. 2020 ஜூலை 27இல் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள். பதினொரு நாள் கழித்து, ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி தினம் கொண்டாடினார்கள். 2009-10 கணக்கெடுப்பில் 43 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 2019-20இல் 35 லட்சம்.

நாளைக்கு வெள்ளக்கடையிலும் இப்படி ஒன்று வரலாம். வந்தால் சேர்வராயன் மலையாளிகளின் மூங்கில் கூடை கண்ணாடிக்குள் போகும், பக்கத்தில் அழகான ஒரு குறிப்பு இருக்கும். அதில் மூங்கில் வெட்டும் உரிமை யாரிடம் இருந்தது என்பது இருக்குமா? மூங்கிலைச் சிறு வனப்பொருள் என்று வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொள்ளவே 2006 ஆயிற்று. காப்பி கொண்டுவந்த காக்பர்ன் கலெக்டர் பெயரை ஏற்காடு வழிகாட்டிப் புத்தகங்கள் மறப்பதில்லை.

காஞ்சிபுரத்து வீட்டின் பலகையில் முதலில் ஒரு சேலைக்கான கூலியை எழுதட்டும். அப்புறம் முன்பணம் எவ்வளவு, யார் பேரில், அவனுக்கு அப்போது என்ன வயசு.