சுவர் ஏறிய சிவப்பு

யாழ்ப்பாணத்துப் புது வீடுகள் பலவற்றில் ஹோலின் ஒரு சுவருக்கு மட்டும் கடும் சிவப்பு அடித்திருக்கிறார்கள். ரீவி மாட்டிய சுவர், இல்லாவிட்டால் சோபாவுக்குப் பின்சுவர். மற்ற மூன்றும் கிறீம் நிறம். தோதாகச் சிவப்புத் திரைச்சீலை, சிவப்புக் குஷன், கண்ணாடி அலுமாரிக்குள் பிளாஸ்ரிக் றோசா. ரொறொன்ரோவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் படத்தைப் பார்த்து எடுத்த நிறம் என்று பெருமையாகச் சொல்வாரும் உண்டு; 'கண்ணைக் குத்துது' என்று முகம் சுளிக்கும் பெரியவர்களும் உண்டு. அந்தப் பெரியவர்கள் தவழ்ந்ததே சிவப்பின் மேல்தான்.

பழைய நாற்சார் வீட்டின் விறாந்தையைப் பாருங்கள். இரும்பு ஒட்சைட்டுப் பொடியைச் சீமெந்தோடு கலந்து, ஈரம் காயுமுன் இழுத்து, கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்த்த நிலம். ஒரு அறையை ஒரே மூச்சில் முடிக்காவிட்டால் மறுநாள் பொருத்து கோடாகத் தெரியும். முற்றத்து வெயில் தூண்களுக்கிடையால் சரிந்து விழும்போது அந்தச் சிவப்பு மின்னும். மேலே சுண்ணாம்பு வெள்ளைச் சுவர் அந்த மினுக்கத்தை வாங்கி லேசாகச் சிவக்கும். வெறுங்காலுக்குக் குளிர்ச்சி. இரும்பு ஒட்சைட்டு வெயிலுக்கு வெளிறாது என்பதால் மூன்று தலைமுறை நடந்தும் நிறம் நிற்கிறது.

அதற்கும் குறை இருந்தது. வெடித்தால் ஒட்டுப்போட்ட இடம் ஒருநாளும் பழைய நிறத்தோடு சேராது. மழைத் தண்ணீர் பட்டால் வழுக்கும். சிவப்புப் பொலிஷ் போட்ட அன்று பிள்ளைகளின் உள்ளங்காலும் வெள்ளைப் பள்ளிச் சீருடையும் சிவந்துவிடும்.

இந்த நிலம் வழக்கொழிந்ததற்கு மாறிய ரசனை மட்டும் காரணமல்ல. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரால் நின்றது. குடாநாட்டுக்கு விதித்த பொருளாதாரத் தடையில் சீமெந்தும் இருந்தது. 1995இல் போரால் வலிகாமத்து மக்களே இடம்பெயர்ந்தார்கள். கட்டட வேலை முடங்கிய அந்த ஆண்டுகளில் நிலம் இழுக்கும் கைகளும் குறைந்தன. போர் முடிந்த 2009க்குப் பிறகு வீடுகள் மறுபடி எழுந்தபோது ரைல்ஸ் வந்து நிலத்தை வெள்ளையாக்கியது. சிவப்பு பெயின்ற் வாளியில் ஏறிச் சுவருக்குப் போனது.

அங்கேதான் சிக்கல். நம் வீடுகள் வெயிலுக்கு ஒதுங்கக் கட்டியவை: ஆழமான விறாந்தை, வேப்பமர நிழல், கம்பி போட்ட யன்னல். உள்ளே வரும் வெளிச்சமே கொஞ்சம். கடும் சிவப்பு அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். செக்கச் செவேலென்ற செவ்வரத்தம்பூ மைம்மலில் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். புர்க்கினியே என்ற செக் விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறித்து வைத்த விளைவு அது: ஒளி குறையக் குறைய நம் கண்ணுக்கு முதலில் மங்குவது சிவப்பு. கடையில் பளிச்சென்று தெரிந்த நிறம் பின்னேரத்து ஹோலில் காய்ந்த இரத்தம்போல் ஆவது அதனால்தான்.

இரண்டாவது சிக்கல் மண்ணோடு வந்தது. குடாநாடு சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும், கரையோரங்களில் உப்பும் கூட. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் சுவரில் ஏறும். காயும்போது உப்புப் பூக்கும். வெள்ளைச் சுவரில் அது ஒருவர் கண்ணிலும் படாது. சிவப்புச் சுவரில் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தேமல் படர்ந்த மாதிரி நிற்கும். தொட்டால் பெயின்ற் பொருக்குப் பொருக்காகக் கையோடு வரும். அந்தத் துண்டுக்கு மட்டும் மீண்டும் அடித்தால் புதுச் சிவப்பு தனியே தெரியும். பல சிவப்புச் சாயங்கள் மறைக்கும் திறன் குறைந்தவை. இரண்டு பூச்சில் முடியுமென்று நினைத்தவர் நாலாவது பூச்சுக்கும் கூலி கொடுப்பார்.

சிவப்பு பசியைத் தூண்டும், கோபத்தை வளர்க்கும் என்ற கதைகளை நான் பெரிதாக எடுப்பதில்லை. சிவப்புப் பின்னணி நுணுக்கமான வேலைக்கு உதவும் என்று 2009இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்தவருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. வாஸ்துக்காரர் சொல்வதற்கு அந்தச் சோதனைகூட இல்லை.

சிவப்புச் சுவரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பனிக்காலத்தில் நாலு மணிக்கே இருட்டும் லண்டன் வீட்டில், மஞ்சள் விளக்கடியில், அது அறைக்குச் சூடு தருவதுபோல் இருக்கும். அங்கே அது அர்த்தமுள்ள தெரிவு. இங்கேயும் காலை வெயில் நேரே விழும் விறாந்தைத் தலைச்சுவர் சிவப்பைத் தாங்கும். ஓதமில்லாத மேல்மாடிச் சாப்பாட்டறையும் தாங்கும். கதவு, படி, கதிரை உறை என்றால் பிடிக்காதபோது மாற்றவும் இலகு.

எனக்கு ஒத்துவராதது, பழைய வீட்டைத் திருத்துகிறவர்கள் நல்ல சிவப்பு நிலத்தின் மேல் வெள்ளை ரைல்ஸ் ஒட்டிவிட்டு, அதே கிழமை பெயின்ற் கடையில் சிவப்பு அட்டையைப் புரட்டுவது. மெழுகு தேய்த்து எடுத்தாலே மீளக்கூடிய நிலம் அது. ரைல்ஸைப் பிறகு பெயர்த்தால் மேற்பூச்சும் சேர்ந்தே வரும்.