நேரு மைதானத்துக்கும் பாடு முறை வேண்டும்

சென்னை பெரியமேட்டிலுள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் ஒரு கால்பந்துத் தொடருக்காகவே எழுந்தது என்பது இன்று பலருக்கு நினைவில் இல்லை. 1993-இல் நேரு கோப்பை சர்வதேசக் கால்பந்துப் போட்டி சென்னைக்கு வந்தது. பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடத்தில் 260 நாட்களில் புதிய அரங்கத்தைக் கட்டி முடித்தார்கள். 1956-இல் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்த அதே இடத்தில், வட கொரியா நேரு கோப்பையைக் கைப்பற்றியது. அரசு நினைத்தால் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்பதற்கு அந்த அரங்கம் சாட்சி.

கட்டிய வேகத்தைப் பாராட்டலாம். ஆனால் மதிப்பெண் போட வேண்டியது தொடர் முடிந்த மறுநாளிலிருந்து. அந்தப் புல்லில் யார் கால் வைத்தார்கள்? எத்தனை நாள்?

இந்தக் கேள்வியில் பெரிய நாடுகளே தடுமாறியிருக்கின்றன. 2014 உலகக் கோப்பைக்காக பிரேசில், அமேசான் காட்டு நகரமான மனாஸில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் அமரும் அரங்கத்தைக் கட்டியது. அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நான்கே. அவ்வளவு பெரிய அரங்கத்தை நிரப்பும் கிளப் அந்த ஊரில் இல்லை. கத்தார் 2022-இல் வேறு வழியை யோசித்தது. தோஹா துறைமுகத்தை ஒட்டி 974 கப்பல் கன்டெய்னர்களைக் கொண்டு, பிரித்தெடுக்கக்கூடிய அரங்கம் ஒன்றை அமைத்தது.

நம் நாட்டுக்கு அந்தச் சோதனை 2017-இல் வந்தது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை டெல்லி, கொல்கத்தா, கொச்சி, குவாஹாட்டி, நவி மும்பை, மட்காவ் என்று ஆறு நகரங்களில் நடந்தது. சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. 52 ஆட்டங்களைப் பார்க்க வந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். கொல்கத்தா இறுதியாட்டத்தில் 0-2 என்று பின்தங்கிய இங்கிலாந்து, 5-2 என்று ஸ்பெயினைச் சாய்த்தது. இரண்டு கோல் அடித்த ஃபில் ஃபோடன் தொடரின் சிறந்த வீரரானார்.

அந்தத் தொடரில் என் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டது அரங்கங்களைவிடப் பயிற்சித் திடல்கள்தான். ஆட்டம் நடக்கும் ஊரில், வரும் அணிகள் பழகத் தரமான புல்தரைகளும் தயாராக இருந்தாக வேண்டும். கொச்சியில் ஃபோர்ட் கொச்சியின் பரேடு மைதானம், வெளி மைதானம், மகாராஜாஸ் கல்லூரி, பனம்பிள்ளி நகர் ஆகிய திடல்கள் அதற்காகச் சீரமைக்கப்பட்டன. ஒரு தொடர் ஊருக்கு விட்டுச் செல்லக்கூடிய உண்மையான சொத்து இப்படிப்பட்ட திடல்கள்தான்.

அப்படியொரு திடல் இல்லாத, பழவேற்காடு ஏரிப் பக்கத்து எளாவூருக்கு இப்போது வருவோம். சூலூர்பேட்டை போய்வரும் மின்சார ரயிலில் எளாவூரில் ஏறும் பையன், மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கினால் நேரு அரங்கம் நடக்கும் தூரம். ஆனால் அவன் பந்து விளையாடிப் பழகுவது ஏரிக்கரையில். கோடையில் பழவேற்காடு ஏரியின் ஆழமில்லாத ஓரம் வற்றும்போது ஒரு மைதானம் தானாகக் கிடைக்கிறது. இரண்டு சவுக்குக் கம்பு நட்டால் கோல் போஸ்ட். கிழிந்த மீன்வலை இருந்தால் கோல் வலை. உப்புப் பூத்துக் காய்ந்த சேற்றில் பந்து கண்டபடி துள்ளும். முதல் தொடுதலில் காலடியில் அடங்காது. அதனால் வந்த பந்தைத் தூக்கி அடித்துவிட்டு அதன் பின்னால் ஓடும் ஆட்டமே பழகிப்போகிறது. மூச்சும் துணிச்சலும் வளர்கின்றன. பந்தைத் தரையோடு கடத்தும் ஆட்டம் வளர வழியில்லை. வடகிழக்குப் பருவமழை வந்ததும் ஏரி தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நாடெங்கும் கால்பந்து சீசன் சூடுபிடிக்கும் நேரத்தில் இவனுக்குத் தரையே இல்லை.

மீனவக் கிராமத்தில் கால்பந்து வளராது என்று யாரும் சொல்ல முடியாது. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்துக் கடற்கரையில் ஊருக்கு ஊர் கிளப், ஊருக்கு ஊர் போட்டி. அங்குள்ள இரவிபுத்தன்துறையிலிருந்துதான் மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை போனார்.

பெரிய அரங்கத்தின் புல்லை எல்லோருக்கும் திறந்துவிட முடியாது என்பார்கள். நியாயம்தான். இயற்கைப் புல் தினமும் மிதிபட்டால் தாங்காது, வேர் பிடிக்க ஓய்வு வேண்டும். இதற்கான பதில் பழவேற்காட்டு ஏரியிலேயே இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகப் படும் இடம் கொஞ்சம். வலை போட வேண்டியவர்கள் அதிகம். அதனால் அங்குள்ள குப்பங்கள் தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்றைய பாடு யாருக்கு என்று தீர்மானிக்கின்றன. இந்தப் பாடு முறையில் எல்லாச் சமூகத்துக்கும் இடமில்லை என்ற குறை உண்டு. அரசு அரங்கத்தில் அந்தக் குறையே இல்லாமல் இதைச் செய்யலாம்.

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 15 வயதுக்குட்பட்ட சிறுவர் அணி ஒன்று, சிறுமியர் அணி ஒன்று. சீட்டுப் போட்டு மாவட்டத்துக்கு மாவட்டம் மோதவிட்டால் மொத்தம் 38 ஆட்டங்கள். வருடத்துக்கு 52 வாரம். வாரத்துக்கு ஒரு ஆட்டம்கூட ஆகாது. புல்லுக்கு இது பாரமே இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒரு சுற்றறிக்கையில் இதைத் தொடங்கிவிடலாம்.

வருடத்துக்கு ஒருநாள் நேரு அரங்கில் ஆடினால் மட்டும் வீரர் உருவாகிவிட மாட்டார். மற்ற நாட்களுக்கு ஊர்ப்பக்கம் நல்ல தரை வேண்டும். இன்னொரு சர்வதேசத் தொடருக்குத் தமிழ்நாடு விண்ணப்பிக்கும் காலம் வந்தால், அரங்க வரைபடத்தோடு பயிற்சித் திடல்களின் பட்டியலும் போகும். அந்தப் பட்டியலை நகர எல்லைக்குள்ளேயே முடித்துவிடக் கூடாது. மழையிலும் தண்ணீர் நிற்காத புல்தரை ஒன்று எளாவூர் இருக்கும் கும்மிடிப்பூண்டி வட்டத்துக்கு வேண்டும்.