பிடி கொடுக்கும் டயர்

டயரைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் அதன் பிடியைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அது போதாது. பிடிப்பது ரப்பரின் இயல்பு. விடும்போது எப்படி விடுகிறது என்பதில்தான் டயரின் தரம் தெரியும். சில டயர்கள் பாதி வளைவு வரை கெட்டியாகப் பிடித்திருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கைவிட்டுவிடும். நல்ல டயர் முன்கூட்டியே சேதி அனுப்பும். ஸ்டியரிங்கின் கனம் லேசாகக் குறையும். மெல்லிய முனகல் கரகரப்பாக மாறும். வண்டியின் பின்புறம் கொஞ்சம் நகர்ந்து காட்டும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் நேர்பாதை முடிந்து சி-1 வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது, வண்டியின் பாரமெல்லாம் இடது முன்சக்கரத்தில் ஏறி நிற்கும். அந்த நேரத்தில் டயர் வாய்திறந்து பேச வேண்டும்.

சொந்தக் காரை ஓடுதளத்தில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்கு டயர் வாங்கக் கிளம்பும் இளைஞர்கள் முதலில் கேட்பது ட்ரெட்வேர் எண்ணை. எண் குறைந்தால் ரப்பர் மென்மை, பிடி அதிகம் என்பது கணக்கு. பொதுவாகச் சரிதான். ஆனால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்வது தயாரிப்பாளரேதான். அமெரிக்காவின் கிளப் போட்டிகள் பலவற்றில் 200-க்குக் கீழே கூடாது என்று விதி இருப்பதால், பந்தய ஆசையுள்ள டயர்கள் வரிசையாக 200 என்றே அச்சடித்துக்கொண்டு வருகின்றன. யோகஹாமா ஏ052-விலும் 200, ஹான்கூக் ஆர்எஸ்4-லும் 200. ஓட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முன்னது முதல் சுற்றிலேயே தாரைக் கவ்வும், சீக்கிரம் சூடேறித் தளரும், சீக்கிரம் தேயும். பின்னதன் உச்சம் அவ்வளவு உயரம் இல்லை. ஆனால் சுற்றுக்குச் சுற்று ஒரே குணம், நெடுநாள் உழைப்பு.

முதல் ரகத்துக்கு ஏன் இத்தனை புகழ்? ஜப்பானின் சுகுபா ஓடுதளத்தைப் பாருங்கள். இரண்டு கிலோமீட்டர்தான். அங்கே டைம் அட்டாக் என்றால் குளிர்காலம். குளிர்ந்த காற்றில் இன்ஜின் நன்றாக இழுக்கும். வேண்டியது ஒரே ஒரு அபாரமான சுற்று. குளிர்ந்த தாரில் சட்டென்று விழித்துக்கொள்ளும் ரப்பர் அங்கே ராஜா. நம் ஊரில் காலை பத்து மணிக்கே தார் கொதிக்கிறது. டயரை யாரும் தட்டியெழுப்ப வேண்டியதில்லை. தாரின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் இறங்கிக் கவ்வ அளவான சூடு வேண்டும். அளவு மீறினால் எண்ணெய் தடவிய கல்லில் நிற்பது போலாகிவிடும். அதனால் சென்னை வெயிலுக்கு என் ஓட்டு ஆர்எஸ்4 போன்ற நிதானக்காரருக்குத்தான். சுற்று நேரத்தில் சில நொடி போனால் போகட்டும். ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு, ஒரே மாதிரி நடந்துகொள்ளும் டயரைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

(வெளிநாட்டு டயர் கிடைப்பதே இப்போது பெரிய பாடு. 2020 ஜூனில் கார் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கையில் கிடைத்தால் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கத்தைப் பார்த்துவிடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்தது. குடோனில் கிடந்து இறுகிப்போன மென்ரப்பரை எந்தத் தள்ளுபடியிலும் வாங்காதீர்கள்.)

வாங்கிய பிறகுதான் ரசனைக்கே வேலை. பத்து டிகிரி சூடேறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். எனவே காலையில் 26 வைத்து, ஓடி முடித்து வந்ததும் 33-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது ஒரு நல்ல தொடக்கம். மிச்சத்தை டயரிடமே கேட்கலாம். தோளின் ஓரத்தில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு, டயர் மடங்கி உருள்கிறது. தோளிலேயே அழியாமல் நின்றால் காற்று கூடுதல். பிறகு தரையில் படும் பட்டனைத் தடவிப் பாருங்கள். மங்கலாக, விரலில் ஒரே சீராக நரநரத்தால் சந்தோஷப்படலாம். ஓரம் பளபளத்து நீலம் பாரித்திருந்தால் அடுத்த முறை இரண்டு சுற்று குறைத்துக்கொள்ளுங்கள். வெளித்தோள் மட்டும் தேய்ந்திருந்தால் குற்றம் டயர் மேல் இல்லை. சக்கரத்தின் சாய்வு (கேம்பர்) போதவில்லை, அல்லது வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுகிறீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வீடு திரும்ப வேறு ஒரு செட் டயர் வைத்திருப்பது நல்லது. இந்த டிராக் டயர்களில் தண்ணீர் வெளியேறப் பள்ளம் குறைவு. ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் தேங்கிய மழைநீருக்கு டிராக்கில் நீங்கள் எடுத்த நேரமெல்லாம் தெரியாது.