இரட்சணிய யாத்திரிகத்தில் இறைவனின் வருகை

முன்னுரை

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894ஆம் ஆண்டு நூல்வடிவம் பெற்றது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களையும் 3,766 பாடல்களையும் கொண்டது. ஜான் பன்யன் 1678இல் ஆங்கிலத்தில் வெளியிட்டதும், தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என அறியப்படுவதுமான உருவக நூலைத் தழுவியது. ஆகவே இந்நூலை ஆராய்வோர் பன்யனிடமிருந்து கவிஞர் பெற்றது எவ்வளவு, கம்பரிடமிருந்து பெற்றது எவ்வளவு என்னும் இரு வினாக்களையே பெரிதும் எழுப்புவர். அவை தேவையான வினாக்களே. எனினும் மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. மனிதன் இறைவனை நாடிச் செல்லும் இக்கதையில், இறைவன் மனிதனை நாடி வரும் செய்தி எவ்வாறு இடம்பெறுகிறது? கிறித்தவ இறைக்கொள்கையின் உயிர்நிலை அச்செய்தியில்தான் உள்ளது என்பதால் இவ்வினா தவிர்க்க இயலாதது.

பயணக் கதையின் இடர்ப்பாடு

மனிதனோடு அன்புறவு கொள்ள முதலில் விழைபவன் இறைவனே என்பது விவிலியம் உணர்த்தும் கருத்து. லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் மூன்று உவமைகள் உள்ளன. ஆயன் காணாமற்போன ஆட்டைத் தேடுகிறான். பெண் தொலைந்த காசைத் தேடுகிறாள். மனந்திரும்பிய மகனைத் தொலைவிலேயே கண்ட தந்தை எதிர்கொண்டு ஓடுகிறார். மகன் சொல்ல எண்ணிவந்த சொற்களை முடிக்கும் முன்பே தந்தையின் அணைப்பு நிகழ்ந்துவிடுகிறது. யோவான் நற்செய்தியில் இயேசு பெருமான் தம் சீடரைப் பணியாளர் என்னாது நண்பர் என்கிறார். இந்நோக்கில் மனிதனின் பக்தி, முன்னரே காட்டப்பட்ட அன்புக்கு அவன் அளிக்கும் மறுமொழியாகும்.

பயணக் கதை இதற்கு மாறான தோற்றத்தைத் தரவல்லது. பயணி ஊரை விட்டு ஓடுகிறான், வாயிலைத் தட்டுகிறான், மலை ஏறுகிறான், பகையோடு பொருகிறான். வீடுபேறு நடந்த கால்களுக்குக் கிடைத்த கூலியோ என்னும் மயக்கம் படிப்பவருக்கு எழக்கூடும். பன்யனின் கொள்கை அதுவன்று. அவர் நூலில் வாயிலைத் திறப்பவர் பயணியைக் கைப்பற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறார். சிலுவையின் முன் சுமை தானே கழன்று விழுகிறது. ஆயினும் சிலுவைக் காட்சி அங்குச் சுருக்கமாகவே அமைகிறது. கதையின் பார்வை பயணியை விட்டு நீங்குவதில்லை.

கவிஞர் சேர்த்த படலம்

இவ்விடத்தில் கிருஷ்ணபிள்ளை மூலநூலிலிருந்து விலகுகிறார். குமார பருவத்தில் ‘இரட்சணிய சரித படலம்’ என்னும் பகுதியை அமைத்து, இயேசு பெருமானின் பாடுகளை விரித்துரைக்கிறார். பன்யனின் கதைப்போக்கில் இதற்கு நேரான பகுதி இல்லை. காப்பியச் சுவையை மிகுவிக்கவே இது சேர்க்கப்பட்டது என்பாரும் உளர். அதுவே நோக்கமாயின் வருணனைகளே போதுமானவை. மனிதனின் நடைக்கு இடையே இறைமகனின் நடை வைக்கப்பட்டதால் நூலின் பொருள் மாறுகிறது. ஒரு பயணம் இரு பயணங்களாகிறது. மனிதன் விண்ணகம் நோக்கிச் செல்வதற்கு, இறைவன் மண்ணகம் நோக்கி வந்தமை காரணமாகிறது.

இப்படலத்தில் இயேசு பெருமான் கட்டுண்டு நிற்கும் காட்சி சிறப்பாக நோக்கத்தக்கது. அவரைக் கட்டியது பகைவரின் கயிறு என்று எண்ண வேண்டா. அப்பகைவர்மீது அவர் கொண்ட அன்பே அவரைக் கட்டியது என்னும் கருத்தைக் கவிஞர் அங்கு நிறுவுகிறார். தமிழில் ‘பாசம்’ என்னும் சொல் கயிற்றையும் அன்பையும் குறிக்கும். சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு அது உயிரைப் பிணிக்கும் தளையையும் நினைவூட்டும். அங்குப் பாசத்தால் கட்டுண்பது பசு, பதி கட்டற்றவன். இக்காட்சியிலோ இறைவனே கட்டுண்டு நிற்கிறான். அதுவும் தன் விருப்பத்தால். இரு சமயங்களின் சொல்லாட்சி ஒன்றையொன்று நெருங்கி, பொருளால் வேறுபடும் இடம் இது.

இப்பகுதியைப் பொறுமை என்னும் அறத்திற்குச் சான்றாக மட்டும் கற்பித்தால் காட்சியின் பாதியே மாணவரைச் சென்றடையும். துன்பத்தைத் தாங்கியவர் பலர். துன்புறுத்துவோரின் உறவை நாடியே அதனை ஏற்றார் என்பதுதான் கவிஞர் கூற விழைவது.

தமிழ் மரபின் துணை

இக்கருத்து தமிழுக்கு முற்றிலும் புதியதன்று. கம்பனின் இராமன் வேடர் தலைவனாகிய குகனை உடன்பிறந்தானாக ஏற்கிறான். திருவாய்மொழியின் ஈட்டுரை, ஆழ்வார் இறைவனை விரும்புவதோடு இறைவன் ஆழ்வாரை விரும்புவதையும் விரித்துப் பேசுகிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ணபிள்ளைக்கு, தேடி வரும் இறைவனைப் பாடும் மொழி முன்பே வாய்த்திருந்தது. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. குகன் அன்பு செலுத்தியவன். இங்கு இறைவன் அன்பு காட்டுவது தன்னை வெறுத்தவரிடம்.

காப்பியத்தின் எல்லை

இந்நூலுக்குக் குறையும் உண்டு. காப்பிய மரபு இறைவனை அரசனாக நிறுத்த முனைவது. அரசனுக்கும் குடிக்கும் இடையே இருப்பது மதிப்பே அன்றி நெருக்கமன்று. உவமையில் ஓடிவரும் தந்தையின் எளிமை, காப்பியத்தின் பெருமித நடையில் அடங்குவது அரிது. கவிஞரும் இதனை உணர்ந்திருத்தல் கூடும். நூலின் இடையிடையே அவர் வைத்த ‘தேவாரம்’ என்னும் இசைப்பாடல்களில் கதைகூறும் குரல் ஒதுங்கி, உயிர் இறைவனை நேர்நின்று விளிக்கும் குரல் கேட்கிறது. காப்பியம் இறைவனின் வருகையை உரைக்க, தேவாரம் அவ்வருகைக்கு மனிதன் தரும் மறுமொழியாகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உறவு முழுமையாகப் புலப்படும்.

நிறைவுரை

இரட்சணிய யாத்திரிகத்தைத் தழுவல் என்று மட்டும் மதிப்பிடுவோர் அதில் பயணியை மட்டுமே காண்பர். கவிஞர் சேர்த்தவற்றைக் கருத்தூன்றி நோக்குவோர்க்கு, பயணி புறப்படும் முன்பே அவனை நாடி வந்த ஒருவர் புலப்படுவார். இந்நூலைக் கற்பிப்போர் இரட்சணிய சரித படலத்தைக் கிளைக்கதையாகக் கொள்ளாது, நூலின் நடுவிடமாகக் கொண்டு பாடத்தை அங்கிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.