பின்னங்களின் தமிழ்: உயர் தொடக்கநிலைக் கணக்குப் பாடநூல் நடை குறித்த ஒரு திறனாய்வு

1. முன்னுரை

ஐந்தாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையிலான கணக்குப் பாடத்தில் மாணவர் புதிதாகப் பெறும் கருத்துகளுள் தலையாயது பின்னம். தசமம், விகிதம், சதவீதம், பின்னர் வரும் விகிதமுறு எண்கள் ஆகிய யாவும் இதன்மேல் எழுப்பப்படுவன. தொடக்க வகுப்புகளில் பின்னம் ஒரு பண்டத்தின் பங்காக அறிமுகமாகிறது. உயர் தொடக்கநிலையில் அது கூட்டவும் கழிக்கவும் எண்கோட்டில் குறிக்கவும் தக்க ஓர் எண்ணாக மாறவேண்டும். பங்கு எண்ணாக மாறும் இவ்விடத்தில்தான் மாணவர் பலர் இடறுகின்றனர். இவ்விடறலில் பாடநூல் மொழிக்கும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தமிழ்வழிக் கணக்கு நூல்களைப் பற்றிய மொழியியலார் விவாதம் பெரும்பாலும் கலைச்சொல்லோடு நின்றுவிடுகிறது. ஆனால் குறை சொல்லில் சிறிதே, தொடரமைப்பில் மிகுதி. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிலைபெற்றுள்ள வழக்கை அடிப்படையாகக் கொண்டு இவ்விரண்டும் முறையே ஆராயப்படுகின்றன.

2. சொல்

3/4 என்னும் பின்னத்தில் மேலெண் ‘தொகுதி’ எனவும் கீழெண் ‘பகுதி’ எனவும் வழங்கப்பெறும். தொகு, பகு என்னும் வினையடிகளிலிருந்து பிறந்த இச்சொற்கள் செய்முறையையே பெயராக்கியுள்ளன: முழுமை நான்காகப் பகுக்கப்படுகிறது, அவற்றுள் மூன்று தொகுக்கப்படுகின்றன. கன்னடமும் மலையாளமும் வடமொழி மரபைத் தழுவி அம்சம், சேதம் என்னும் சொற்களை ஆள்கின்றன. தமிழ்ச் சொல்லிணை அவற்றினும் தெளிவானது எனலாம்.

எனினும் இத்தெளிவு வினையடியை உணர்வோருக்கே உரியது. வழக்குத் தமிழில் ‘பகுதி’ என்பது துண்டு, பாகம் என்றே பொருள்படும். ‘பின்னம் என்பது முழுமையின் ஒரு பகுதி’ என்னும் கருத்தில் பாடம் தொடங்குகிறது. சற்றுப்பின் அதே சொல் கீழெண்ணின் பெயராகிறது. முன்னைய பொருளில் 3/4-இன் ‘பகுதி’ மூன்று துண்டுகள்; பின்னைய பொருளில் நான்கு என்னும் எண். இதே பருவத்தில் தமிழ்ப் பாடத்தில் பகுபத உறுப்புகளுள் ஒன்றாகிய ‘பகுதி’யையும் மாணவர் கற்கின்றனர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் தொகுதியெண், பகுதியெண் என ‘எண்’ என்னும் சொல்லைச் சேர்த்து இம்மயக்கத்தை எளிதில் நீக்கிவிடுகின்றன. இம்முறை பின்பற்றத்தக்கது.

மாறாக, பகு எண், பகா எண் என்னும் இணையைக் காண்க. பகுபதம், பகாப்பதம் என்னும் இலக்கண இணையோடு அமைப்பிலும் கருத்திலும் இது ஒத்துள்ளது. மேலும் பகுக்கவியலாத பதமும் அவ்வாறு பகுக்கவியலாத எண்ணும் ஒரே எதிர்மறைப் பெயரெச்ச வடிவால் உணர்த்தப்படுகின்றன. இரு பாடங்களின் ஆசிரியர்களும் இவ்வொப்புமையைச் சுட்டிக்காட்டினால் ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகும்.

3. ‘நான்கில் மூன்று’

3/4 என்பதை நல்ல தமிழில் ‘நான்கில் மூன்று’ என்கிறோம். ஏழாம் வேற்றுமை உருபு ஈண்டு தொகையிலிருந்து பிரித்தெடுத்தலைக் குறிக்கிறது. கீழெண்ணை முதலில் கூறும் இவ்வமைப்பு கொரிய மொழியிலும் உண்டு. மியூராவும் பிறரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, கொரியக் குழந்தைகள் பின்னங்களைப் படங்களோடு பொருத்துவதில் சிறந்து விளங்கியதற்கு இப்பெயரமைப்பைக் காரணமாகக் காட்டியது. ஆங்கிலத்திலும் பெயர்களை அவ்வாறு விளக்கமாகக் கூறினால் அமெரிக்கக் குழந்தைகளின் திறன் உயர்கிறது என்பதை பெய்க், மிக்ஸ் ஆகியோர் 2003-இல் காட்டினர். பின்னப் பெயரின் அமைப்பு கற்றலைத் தொடுகிறது என்பதற்கு இவை சான்றுகள்.

ஆயின் இவ்வாய்வுகள் நோக்கியது முழுமைக்கும் பங்குக்கும் உள்ள உறவையே. அவ்வுறவுக்கு ‘நான்கில் மூன்று’ மிகப் பொருத்தமானது. பின்னம் எண்ணாக மாறும்போது அதே தொடர் இரண்டிடங்களில் தடையாகிறது.

முதலாவது, 5/4. ‘நான்கில் ஐந்து’ என்பது தமிழில் பொருள் முரணுடைய தொடர். நான்கிலிருந்து ஐந்தை எடுத்தல் இயலாது. இவ்வெண்ணுக்கு ‘தகா பின்னம்’ என்று ஆங்கிலத்தின் வழி பெயரும் இட்டுள்ளோம். தொடர் பொருந்தவில்லை, பெயரோ தகாதது என்கிறது. எண்ணே தவறானது என்று மாணவர் முடிவு செய்தால் அவரைக் குறை கூறல் எங்ஙனம்?

இரண்டாவது, கூட்டல். 1/4 + 2/4 = 3/8 என்று எழுதுதல் ஆசிரியர் யாவரும் அறிந்த பிழை. மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டிய கவனக்குறைவு என்றே இது திருத்தப்படுகிறது. தொடரை வாய்விட்டுச் சொன்னால் வேறொன்று புலப்படும். ஒரு தேர்வில் நான்கு வினாக்களில் ஒன்று சரி. அடுத்த தேர்வில் நான்கில் இரண்டு சரி. ஆக மொத்தம் எட்டில் மூன்று சரி. இதில் பிழை யாதும் இல்லை. ‘நான்கில் ஒன்றும் நான்கில் இரண்டும்’ என்னும் தமிழ்த் தொடருக்கு ‘எட்டில் மூன்று’ முறையான விடையே. ஒரே முழுமையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தொடர் தெரிவிக்கவில்லை. மாணவர் தம் மொழியைச் சரியாகப் பயன்படுத்தியே கணக்கில் தவறுகிறார்.

4. ‘முக்கால்’

தமிழில் பின்னத்தைக் கூற வேறொரு வழியும் உண்டு. கால், அரை ஆகியவை தனிப்பெயர்கள். தாமே அலகாக நிற்பவை. காலும் அரையும் முக்கால் ஆகும் என்பதைப் பள்ளி செல்லாதாரும் அறிவர். காலையும் காலையும் கூட்டி எட்டில் இரண்டு என்று கூறுவார் எவரும் இலர். ‘ஐந்து கால்’ என்பதிலும் முரணில்லை, அது ஒன்றேகால்.

இப்பெயர்களின் உருபனியல் மேலும் நுட்பமானது. ‘முக்கால்’ என்பதில் மூன்று என்னும் எண்ணுப்பெயர் குறுகி நிற்க, பொருள் பெருக்கலாகிறது: மூன்று முறை கால். ‘மூன்றேகால்’ என்பதில் இடையே ஏகாரம் நிற்க, பொருள் கூட்டலாகிறது: மூன்றும் காலும். இதனை எண்ணுப்பொருளில் வரும் ஏகாரமாகக் கொள்ளலாம். ‘அரைக்கால்’ என்பது காலில் பாதி, அதாவது 1/8. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கிய விடை. எண்சுவடியின் ‘மாகாணி’ 1/16. மா 1/20, காணி 1/80, இரண்டன் கூட்டு 5/80. ஆறாம் வகுப்பு மாணவர் ‘வேற்றினப் பின்னங்களின் கூட்டல்’ எனக் கற்பது இவ்வொரு சொல்லுள் அடங்கியுள்ளது.

ரூபாய் 1957-இல் நூறு காசாகப் பகுக்கப்பட்டது. 25 காசு நாணயமும் 2011-இல் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. எனினும் முக்கால் கிலோவும் இரண்டேகால் மணியும் அன்றாட வழக்கிலிருந்து நீங்கவில்லை. பாடநூலோ இவற்றை அறிமுகப் பக்கத்தோடு நிறுத்திவிட்டு, கணிதச் செயல்களைக் கற்பிக்கும்போது கைவிட்டுவிடுகிறது.

5. தடையும் விடையும்

கால், அரை போன்ற பெயர் ஏழில் ஒன்றுக்கு இல்லையே என்பது இதற்கு எழும் தக்க தடை. எண்சுவடிப் பெயர்கள் 1/320 ஆகிய முந்திரியை நோக்கிப் பகுக்கப்பட்டவை. அம்முறையில் 1/7-க்கு இடமில்லை. பழைய வாய்பாட்டை மீண்டும் மனப்பாடம் செய்விக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் நோக்கமன்று.

விடை பாடநூலிலேயே உள்ளது. தசமப் பாடத்தில் ‘பத்தில் ஒன்றாம் இடம்’, ‘நூறில் ஒன்றாம் இடம்’ என்கிறோம். அங்கு ‘பத்தில் ஒன்று’ என்பது தொடராக நில்லாமல், இடத்துக்குப் பெயரிடும் ஓர் அலகுப் பெயராகிவிட்டது. இதே முறையில் ‘ஏழிலொன்று’ என்பதை ஒரு சொல்லாக்கி எண்ணலாம்: இரண்டு ஏழிலொன்றும் மூன்று ஏழிலொன்றும் ஐந்து ஏழிலொன்று, ஒன்பது ஏழிலொன்று என்பது ஒன்றும் இரண்டு ஏழிலொன்றும். ஒரே பகுதியெண் உடையவற்றை ‘ஓரினப் பின்னங்கள்’ என்று நம் நூல்கள் பெயரிட்டிருப்பதும் நோக்கத்தக்கது. இனம் என்று பெயரிட்டபின், அவ்வினத்தைப் பெயர்ச்சொல்லாகச் சுட்டுவதே முறை.

இவ்வழக்கு செவிக்குச் சற்று முரடானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே கூட்டலையும் ஒன்றுக்கு மேற்பட்ட பின்னங்களையும் அறிமுகம் செய்யும் பாடங்களில் மட்டும் இதனை ஆண்டு, கருத்து ஊன்றியபின் ‘ஏழில் மூன்று’ என்னும் இயல்பான தொடருக்கு மீளலாம். கால், அரை, முக்கால் ஆகியவற்றில் தொடங்கி இவ்வலகுப் பெயர்களுக்குச் செல்வதே உரிய வரிசை.

6. முடிவுரை

பாடநூல் மொழிபெயர்ப்பாளர் கையில் கலைச்சொல் அகராதி இருத்தல் இன்றியமையாதது; அது மட்டும் போதாது. ஒரு தொடர் தமிழில் எந்தக் கணிதச் செயலுக்கு இடம் தருகிறது, எதற்குத் தடையாகிறது என்பதையும் அவர் சோதித்தல் வேண்டும். ‘நான்கில் மூன்று’ பங்கைக் காட்டும். ‘முக்கால்’ எண்ணைக் காட்டும். உயர் தொடக்கநிலை மாணவருக்கு இரண்டும் வேண்டும். முன்னது பாடநூலில் உள்ளது. பின்னதைக் குழந்தை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறது. அதனைக் கூட்டல் பாடத்துக்குள் அழைத்துவருதல் நூலாசிரியரின் பணி.