கல்லூரி ஆட்டத்துக்கு எதற்கு விலை?

ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்ததும் 'புரோபோ' போன்ற கணிப்புச் சந்தைகள் இங்கே பண ஆட்டத்தை நிறுத்தின. அதற்காக வருந்துவோர் சொல்வது இதுதான்: அது சூதாட்டம் அல்ல, அறிவுச் சந்தை, அமெரிக்காவில் 'கால்ஷி' நிறுவனம் கல்லூரி ஆட்டங்களுக்கே சந்தை நடத்துகிறதே, நமக்கு மட்டும் என்ன தடை?

அந்தச் சந்தையில் கெட்டிக்காரத்தனம் இருப்பது உண்மைதான். ஓர் அணி ஜெயிக்குமா என்ற கேள்விக்கு 'ஆம்' 6.50 ரூபாய், 'இல்லை' 3.50 ரூபாய், கணித்தது பலித்தவருக்குப் பத்து ரூபாய். அதாவது அந்த அணி ஜெயிக்க 65 சதவீத வாய்ப்பு என்று கூட்டம் நினைக்கிறது. ஆட்டம் முடியுமுன்பே விற்றுவிட்டு வெளியேறலாம். கணிப்பும் பல சமயம் பொருந்திவிடுகிறது.

ஆனால் அந்த விலையால் யாருக்கு என்ன பயன்? கெங்கவல்லிப் பக்கம் மரவள்ளிக்கு ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை வைக்கிறார்கள். அது தெரிந்தால் கிழங்கை இப்போதே பிடுங்குவதா, கொஞ்ச நாள் விட்டுவைப்பதா என்று விவசாயி முடிவெடுக்கலாம். கல்லூரி ஆட்டத்தின் விலையை வைத்து எடுக்க வேண்டிய முடிவு எதுவும் யாருக்கும் இல்லை.

அதைவிட மோசம், அந்த விலை சரியாக அமையும் விதம். ஐ.பி.எல். வீரருக்குக் காயம் என்றால் ஊருக்கே தெரியும். கல்லூரிகளுக்கு இடையிலான கபடிப் போட்டியில் ரெய்டரின் முழங்கால் வீங்கியிருப்பது பயிற்சியாளருக்கும், இரவில் கிரேப் பேண்டேஜ் சுற்றிவிட்ட அறைத்தோழனுக்கும்தான் தெரியும். அந்தப் போட்டிக்கும் சந்தை இருந்தால், அறைத்தோழன் 'இல்லை' வாங்குவான், 'ஆம்' 6.50-லிருந்து நாலுக்கு இறங்கும். விலை உண்மையைச் சொல்லிவிட்டது என்று சந்தைக்காரர்கள் பூரிப்பார்கள். ஒரு பையனின் வலி விற்கப்பட்டிருக்கிறது என்றே நான் சொல்வேன். சந்தை எவ்வளவு துல்லியமோ, அவ்வளவுக்கு உள்தகவல் கசிந்திருக்கிறது என்று பொருள்.

கசிவோடும் நிற்காது. நியூயார்க் சிட்டி கல்லூரி 1950-இல் அமெரிக்காவின் இரு பெரிய கூடைப்பந்துப் பட்டங்களையும் ஒரே பருவத்தில் வென்றது. மறு ஆண்டே அதன் வீரர்கள் சூதாடிகளிடம் பணம் வாங்கியதாகக் கைதானார்கள். இந்த வகை மோசடியில் தோற்கக்கூட வேண்டியதில்லை. புள்ளி வித்தியாசத்தைக் குறைத்தால் போதும். அந்தப் புள்ளி வித்தியாசத்துக்கே இன்று கால்ஷியில் தனி ஒப்பந்தம் விற்கிறார்கள். சம்பளமில்லாமல், அரசு வேலையின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டை நம்பி ஆடும் நம் பிள்ளைகளுக்கு முன்னால் இப்படியொரு ஆசையைக் கொண்டுவந்து வைப்பது கொடுமை.

உள்ளாட்கள் வாங்கக் கூடாது என்று விதி போட்டால் போதும் என்கிறார்கள். விதி வீரரின் கணக்கை முடக்கும். பக்கத்துக் கட்டிலில் கிடப்பவரின் மச்சான் வைத்திருக்கும் போனை என்ன செய்யும்? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தலைவர் சார்லி பேக்கர், தக்க பாதுகாப்பு ஏற்பாடுகள் வரும்வரை கல்லூரி ஆட்டங்களை இந்தச் சந்தையில் நிறுத்திவைக்கச் சொல்லி 2026 ஜனவரியில் அந்நாட்டுச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதினார். நிறுத்திவைத்தால் போதாது. மாணவர் ஆடும் எந்த ஆட்டமும் சந்தைப் பட்டியலில் இருக்கவே கூடாது.